ஆறப் பொறுத்தல்

உடைந்த வளையலைக் குப்பையில் எறிவோர் பலர். எடுத்து வைப்போர் சிலர். ஆறாண்டுகளுக்கு முன் இறையடி சேர்ந்த நம் துணைவியார் இரண்டாம் வகையினர். வளையல் உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி, ஈரத்துணியால் தரையை ஒற்றி எடுத்து, “பிள்ளைங்க கால்ல குத்திடும்” என்று சொல்லியவாறே அவற்றை ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் இட்டு மூடுவார். குத்தும் என்றால் எறிந்துவிடலாமே என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பத்து மூன்று ஆண்டு இல்லறத்தில் கேளாமல் விட்டவை பல. அவற்றுள் இதுவும் ஒன்று.

அவர் வஃபாத்தான பின் பீரோவை ஒழுங்கு செய்தபோது அப்பெட்டி அகப்பட்டது. மூடியில் பிரெஞ்சு எழுத்துகள். சைகோனில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய நம் மாமனார் கொண்டுவந்த பெட்டி அது. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம் குடும்பங்களில் இத்தகைய சைகோன் பெட்டி ஒன்றேனும் இல்லாத வீடு ஒரு காலத்தில் அரிது. உள்ளே துண்டுகள் மட்டுமா? கை பருத்தபின் நுழையாமற்போன முழு வளையல்களும் இருந்தன. பச்சை, நீலம், கருஞ்சிவப்பு, ஊதா, பொன்பூச்சுத் தேய்ந்தவை, பெருநாளுக்குப் பெருநாள் வாங்கியவை. பெட்டியை அசைத்தால் அவர் அடுக்களையில் பாத்திரம் துலக்கும் ஓசை கேட்டது. மீண்டும் மூடி வைத்துவிட்டோம்.

அதைத் திறக்க வைத்தவள் நம் மகன் வழிப் பேத்தி. அரியாங்குப்பத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் பயின்றவள். தாளிலும் துணியிலும் நிறைவுறாமல் கண்ணாடியின்பால் மனம் திரும்பியவள். நம் ஊரில் சூளைக்குப் பஞ்சமில்லை. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971இல் இங்குக் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய நாள்தொட்டு, இந்நகரும் சுற்றுப்புறமும் மட்கலைஞர்களின் இருப்பிடமாகிவிட்டன. அத்துறையார் ஒருவர் விற்ற பழைய மின்சூளையைப் பேத்தி வாங்கிவந்து மொட்டைமாடிக் கொட்டகையில் வைத்தாள். வெப்பம் தாங்கும் செங்கல் அடுக்கிய ஒரு பெட்டி, உட்சுவரில் சுருள் கம்பி, மேலே மூடி, பக்கத்தில் சூட்டைக் காட்டும் முள். அதற்கென 15 ஆம்பியர் மின்செருகி தனியே போட வேண்டியதாயிற்று. அதன் செலவு நம்முடையது.

“நன்னியோட வளையல் எல்லாத்தையும் சேர்த்து ஒரே தட்டா ஆக்கித் தர்றேன், நன்னா” என்றாள் ஒருநாள். நாம் பெட்டியை எடுத்துக் கொடுத்தோம்.

கண்ணாடி வேலை என்றதும் நெருப்புக்கு முன் நின்று குழாயால் ஊதும் காட்சியே பலர் மனத்தில் தோன்றும். அவ்வுலையில் கண்ணாடி 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் தேன்போல் நிற்கும். கலைஞர் அதனோடு போராடி உருவம் கொள்வார். சூளைக் கண்ணாடியோ வேறு. இங்குக் கலைஞர் சூடான கண்ணாடியைத் தொடுவதே இல்லை. குளிர்ந்த கண்ணாடியை வெட்டி, அடுக்கி, மூடியை மூடிவிட்டு, ஆனதைப் பிறகு வந்து காண்கிறார். பிரியாணிக்குத் ‘தம்’ போட்டபின் மூடியைத் திறந்து பார்க்கும் சமையற்காரரை எவரும் மதிப்பதில்லை அல்லவா? அதே ஒழுக்கம்தான் இங்கும்.

கண்ணாடிக்கு உருகும் புள்ளி என்று திட்டமான ஒன்று இல்லை. பனிக்கட்டி போல ஒரு கணத்தில் நீராவதில்லை. வெல்லம் போலச் சிறிது சிறிதாக இளகுவது அது. சாளரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 700 டிகிரியில் தன் பாரம் தாங்காது தொய்யத் தொடங்கும். அடியில் குழிந்த மண் அச்சை வைத்தால் அதில் படிந்து கிண்ணமாகும். இன்னும் ஏறத்தாழ 70 டிகிரி கூட்டினால் விளிம்புகள் மழுங்கும். மேலே வைத்த துண்டு கீழுள்ளதில் ஒட்டும், ஆனால் மேடு தெரியும். 820, 830 டிகிரி அளவில் மேடும் அமிழ்ந்து இரண்டும் ஒன்றாகும். அவ்வாறு முழுதும் இளகிய கண்ணாடி 6 மில்லிமீட்டர் கனத்தை நாடும் என்பது கைவினைஞர் அனைவரும் அறிந்த செய்தி. அதனினும் மெலிதாக வைத்தால் சுருங்கிக் கூடும். கனமாக வைத்தால் பரந்து ஓடும். ஆகவேதான் 3 மில்லிமீட்டர்க் கண்ணாடியை இரண்டடுக்காக வைக்கிறார்கள்.

கருவிகள் மிகச் சில. வெட்டுவதற்குக் கண்ணாடிக் கடைக்காரர் ‘டைமண்டு’ என்று சொல்வது. பெயரில்தான் வைரம், பெரும்பாலானவற்றில் இருப்பது கடின உலோகத்தாலான சிறு சக்கரமே. அது கண்ணாடியை வெட்டுவதும் இல்லை. மண்ணெண்ணெய் தொட்டு ஒரே இழுப்பில் ஒரு கீறல் போடும், அவ்வளவே. அக்கீறலின் இருபுறமும் பிடித்து மெல்ல வளைத்தால் கண்ணாடி அவ்வழியே பிளக்கும். ஒரே கீறலில் இருமுறை ஓட்டினால் சக்கரமும் கெடும், கோடும் தவறும். நல்ல கீறலுக்கு ஓர் ஓசை உண்டு, பட்டுத்துணி கிழிவது போல. அந்த ஓசை நம் பேத்திக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது. நமக்கு இன்றளவும் வரவில்லை.

சூளைத் தட்டின்மீது பூசும் வெண்பூச்சு மற்றொன்று. அலுமினா மாவும் சீனாக் களிமண்ணும் நீரில் கரைத்த கரைசல். மென்தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை பூசி உலர்த்த வேண்டும். இது இல்லையேல் இளகிய கண்ணாடி தட்டைப் பற்றிக்கொள்ளும். பிறகு உடைத்தாலன்றிப் பிரியாது. அரைக்கும்போதும் தூசி எழும்போதும் மூக்கை மறைக்கும் முகமூடி, வெட்டும்போது கண்ணுக்குக் காப்பு: இவ்விரண்டிலும் பேத்தி எவருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

பழகுவதற்கு முதலில் அவள் தேடியது புட்டிகளை. ஒரு புட்டி முழுதும் ஒரே கண்ணாடி. வெட்டாமலே சூளையில் படுக்கவைத்தால் தட்டையாகிப் பலகாரத் தட்டாக எழுந்து வரும். புதுச்சேரியில் எவ்வகைப் புட்டி மலிவாகக் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சாக்கு நிறையப் பச்சை, பழுப்புப் புட்டிகள் நம் வாசலில் வந்திறங்கிய நேரம் குத்பா பள்ளியில் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் திரும்பும் நேரமாக அமைந்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீட்டில் இதுவும் நடக்கிறதா என்பதுபோல் ஒருவர் நின்று பார்த்தார், ஸலாம் உரைத்தார், வேறொன்றும் உரைக்கவில்லை. மறுவாரம் அவர் வீட்டுக்கே ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்து அனுப்பினோம். தட்டு இன்னும் திரும்பி வரவில்லை, பிடித்துவிட்டது போலும்.

இனி நம் குற்றத்துக்கு வருவோம்.

பேத்தி சாளரக் கண்ணாடியில் ஒரு முழ அகலச் சதுரங்கள் இரண்டு வெட்டினாள். நன்கு கழுவினாள்; விரல் ரேகையும் எண்ணெய்ப் பசையும் சூளையில் நிலைத்துவிடும். இன்றைய சாளரக் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959இல் உலகுக்கு அறிவித்த முறை. ஈயம் தொட்ட பக்கம் சூளையில் சில வேளைகளில் மங்கலாகும் என்பதால் எப்பக்கம் எது என்றும் பார்த்து வைத்தாள். கீழ்ச் சதுரத்தின்மேல் வளையல் துண்டுகளைப் பரப்பினாள். பெட்டியிலிருந்ததில் பாதிக்குமேல் அதில் சென்றது. நிறம் நிறமாக, வட்டத்துள் வட்டமாக அடுக்கி, மேற்சதுரத்தை வைத்து மூடினாள். அன்று காலை சூடேறத் தொடங்கியது. மாலையில் 820ஐத் தொட்டு இறங்கியது. இடையில் ஆற்றும் சூட்டில் ஒரு மணிநேரம் நிறுத்தி, பிறகு மெல்ல இறங்கும்படி வைத்துவிட்டு, “காலைல நான் வந்துதான் திறக்கணும், நன்னா” என்று சொல்லி உறங்கப் போனாள்.

மறுநாள் துணைவியார் மறைந்த நாள். நமக்கு உறக்கம் இல்லை. இரவு பதினொன்றரைக்கு மாடிக்கு ஏறினோம். முள் 240க்குச் சற்றுக் கீழே நின்றது. முந்நூறுக்குக் கீழே இறங்கியதல்லவா, ஒரு விரற்கடை திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. திறந்தோம். கடற்காற்று வீசிக்கொண்டிருந்த இரவு அது. உள்ளே பச்சையும் நீலமும் ஒரு கணம் தெரிந்தன. எத்துணை அழகு என்று நினைத்தோம். பிறகு ‘டிக்’ என்று ஓர் ஓசை. மிகச் சிறிய ஓசை. சுண்டுவிரல் நெட்டி முறிவதுபோல. மூடியை மூடிவிட்டுக் கீழே வந்து படுத்தோம். அவளை எழுப்பிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் திறந்ததைவிடப் பெருங்குற்றம் என்று இப்போது தோன்றுகிறது.

ரமலான் மாலைகளில் கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி வைத்திருப்பார் துணைவியார். ஆறி இறுகுமுன் கத்தியோடு வந்து நிற்கும் ஆள் நாம். “ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?” என்பார். அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே அவ்விரவு விடிந்தது.

காலையில் மூடியைத் திறந்த பேத்தி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தட்டின் குறுக்கே ஒரு பிளவு. நாம் உண்மையைச் சொன்னோம். அவள் சினந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பிளவின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்து, “கூரா இருக்கு, நன்னா. சூடேறும்போது உடைஞ்சிருந்தா அப்புறம் உருகி விளிம்பு மழுங்கியிருக்கும். இது ஆறும்போதுதான் உடைஞ்சிருக்கு” என்றாள். நீதிபதி குற்றவாளியிடம் சாட்சியத்தை விளக்குவதுபோல் இருந்தது.

கண்ணாடி ஏன் ஆற வேண்டும் என்பதை அன்றுதான் முறையாகக் கேட்டறிந்தோம். வெளிப்புறம் முந்திக் குளிர்ந்து சுருங்கி இறுகும். உட்புறம் இன்னும் சூடாக இருக்கும். பிறகு உட்புறம் சுருங்க முயலும்போது, இறுகிவிட்ட வெளிப்புறம் இடம் தராது. அந்த இழுபறி உள்ளே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் மேசையில் இருக்கும்போதே தானாக வெடிக்கவும் செய்யும். எனவே சாளரக் கண்ணாடியை ஏறத்தாழ 550 டிகிரியில் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை வைத்திருந்து, பின் மணிக்கு ஐம்பது அறுபது டிகிரி என இறக்கி, கீழே வந்தபின்னும் மூடியைத் தொடாமல், கை பொறுக்கும் சூடு வரும்வரை விட்டுவைப்பது முறை. ஏறும் நேரத்தினும் இறங்கும் நேரம் நீண்டது. மட்கலம் இவ்வளவு கேட்பதில்லை. குயவர் இருநூறில் சூளையைத் திறந்து பார்ப்பதுண்டு. பழைய குயவுச் சூளையைக் கண்டு நாம் கொண்ட மயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். சாக்குச் சொல்லவில்லை, செய்தியைச் சொல்கிறோம்.

ஆயினும் பேத்தி நேர்மையானவள். தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தவள், “இங்க இன்னொண்ணு இருக்கு” என்றாள். குறுக்குப் பிளவு நம்முடையது. ஆனால் பச்சை வளையல் துண்டுகளைச் சுற்றி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒட்டினாற்போல், மயிரிழையாக வேறு கீறல்கள் இருந்தன. குளிர்காற்றால் வரும் பிளவு குறுக்கே ஓடும். ஒவ்வாக் கண்ணாடிகளால் வரும் பிளவு அவை சந்திக்கும் எல்லையைச் சுற்றி ஓடும். நாம் திறவாதிருந்தாலும் அந்தத் தட்டு நெடுநாள் நின்றிராது. இதைக் கேட்டு நம் மனம் இலேசாயிற்றா என்றால், இல்லை. அவள் சொன்ன பாங்குதான் நினைவில் நிற்கிறது.

கண்ணாடிகளுக்குள் இந்த ஒவ்வாமை எவ்வாறு வருகிறது? எல்லாக் கண்ணாடியும் மணல்தானே என்று எண்ணுவோம். மணலை இளக்கச் சோடா, இறுக்கச் சுண்ணாம்பு, நிறத்துக்கு உலோகம் எனச் சேரும் அளவு ஊருக்கு ஊர், உலைக்கு உலை மாறும். அளவு மாறினால் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் மாறும். உருகி நிற்கும்போது இரண்டும் சகோதரர்போல் தழுவிக்கொள்ளும். ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கி மற்றொன்றை இழுக்கும். அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் 1974இல் தொடங்கிய ‘புல்ஸ்ஐ’ போன்ற நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சுருங்கும்படி சோதித்த வண்ணக் கண்ணாடிகளையே கலைஞர்க்கு விற்கின்றன. விரிவின் அளவைக் குறிக்கும் 90, 96 என்ற எண்ணை வைத்தே வாங்குவார்கள். அவற்றின் விலையைக் கேட்டால் நம் போன்றோர் வளையல் துண்டுக்கே திரும்பிவிடுவோம். வளையலோ பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்துப் ஃபிரோசாபாத்திலிருந்து வருவது. அங்கும் ஓர் உலையின் பச்சையும் மற்றோர் உலையின் நீலமும் ஒத்திருக்க வேண்டும் என்று எவரும் நினைத்துச் செய்வதில்லை. கையில் அடுத்தடுத்து அணிவதற்குச் செய்தவை அவை. ஒன்றாக உருகுவதற்கு அல்ல.

இந்த ஒவ்வுமையை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மம்லூக் ஆட்சிக்கால எகிப்திலும் ஷாமிலும் செய்யப்பெற்ற பள்ளிவாசல் விளக்குகளை வாசகர்கள் படத்திலேனும் கண்டிருப்பர். அகன்ற வாயும் பருத்த வயிறும் கொண்ட கண்ணாடிக் கலங்கள். பலவற்றில் ‘அந்நூர்’ அத்தியாயத்தின் ஒளி வசனமே எழுத்தோவியமாகச் சூழ்ந்திருக்கும். அந்த நீலமும் சிவப்பும் வெறும் வண்ணமல்ல; அரைத்த வண்ணக் கண்ணாடித் தூள். அதைக் குழைத்து எழுதி மீண்டும் நெருப்பில் காட்டினார்கள். எழுத்து இளக வேண்டும், கலம் தொய்யக் கூடாது. ஆறும்போது இரண்டும் பிரியவும் கூடாது. வெப்பமானி இல்லாத காலத்தில் இதைச் செய்த கைகளை நினைத்தால், எண்காட்டும் முள்ளை வைத்துக்கொண்டு கோட்டைவிட்ட நமக்கு நாணம் மிகுகிறது.

அடுத்த சில வாரங்கள் பேத்தி சோதனையில் இறங்கினாள். ஒவ்வொரு நிற வளையலிலும் அரிசி அளவு சில்லு எடுத்துச் சாளரக் கண்ணாடிக் கீற்றின்மேல் உருக்கினாள். பழைய கால்குலேட்டர் ஒன்றின் முகப்பிலிருந்து கருநிற மெல்லேடு ஒன்றை உரித்தாள். மடிக்கணினியின் வெண்திரைக்கு முன் அதைப் பிடித்துத் திருப்பினால், ஒரு கோணத்தில் திரை முழுதும் இருண்டுவிடும். அவ்விருளின் நடுவே கண்ணாடிக் கீற்றை நுழைத்தால், உள்ளே இழுபறி இல்லாத இடம் இருண்டே இருக்கும். இழுபறி உள்ள இடம் ஒளிரும். ஊதாச் சில்லைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. நீலத்தைச் சுற்றி மெல்லிய வெளிச்சம். பச்சையைச் சுற்றியோ, முழுநிலவுக்குப் பரிவேடம் கட்டியதுபோல் ஒரு வெண்வட்டம். கண்ணால் காணவொண்ணாத மனத்தாங்கலை இவ்வாறு படம்பிடிக்க முடியுமென்றால் குடும்பங்களுக்கு எத்துணை உதவியாக இருக்கும் என்றோம். அவள் சிரித்தாள். அந்த நிகழ்ச்சிக்குப் பின் அதுவே முதற் சிரிப்பு.

ஆனால் சோதனையின் முடிவு தெளிவாக இருந்தது. நன்னியின் வளையல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தட்டு ஆகமாட்டா.

வழி காட்டியது அரிக்கமேடு. அவள் படித்த பல்கலைக்கூடத்துக்கு அண்மையில், காக்காயன்தோப்பை ஒட்டி, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள மேடு. ‘எரித்ரைக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் கூறும் ‘பொதுகே’ துறைமுகம் இதுவே என்பர். நம் இளமையில், மழை ஓய்ந்த மறுநாள் அங்குச் சிறுவர் குனிந்து மணி பொறுக்குவது வழக்கம். கடுகளவு, மிளகளவு, சிவப்பு, நீலம், பச்சை. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கவனம் கொண்டதும் இத்தகைய சிறுவர் கையிலிருந்த பொருள்களைக் கண்டுதான். பின் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தார்கள். ரோமப் பேரரசின் மது சாடிகளும் மட்கலங்களும் கிடைத்தமை பாடப்புத்தகச் செய்தியாகிவிட்டது. நமக்கு வியப்பு அவற்றில் அன்று; உள்ளூரிலேயே செய்யப்பட்ட அந்தக் கண்ணாடி மணிகளில்தான். (இன்று அது தொல்லியல் துறையின் காப்பிலுள்ள நிலம், மணி எடுத்தல் ஆகாது. பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதைச் சொல்லி அழைத்துச் செல்க. அந்நாளில் நாம் எடுத்த நான்கைந்து மணிகள் எங்கோ தொலைந்தன, நல்லதாயிற்று.)

பீட்டர் ஃபிரான்சிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இம்மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணி’ எனப் பெயரிட்டார். இவ்வகை மணிகள் கடல்கடந்து தென்கிழக்காசியா எங்கும் பரவின. கிழக்கு இந்தோனேசியத் தீவுகளில் ‘முத்திசாலா’ என்ற பெயரோடு இவற்றின் செந்நிற வகையை மணப்பெண்ணுக்குரிய சீராகத் தலைமுறை தலைமுறையாகப் போற்றுகிறார்கள். செய்முறையோ ஏட்டில் இல்லை. ஆயினும் ஆந்திரத்தில் ரேணிகுண்டாவுக்கு அண்மையிலுள்ள பாபாநாயுடுபேட்டை என்ற சிற்றூரில் இதற்கு நிகரான கைமுறை நம் காலம்வரை உயிரோடிருந்ததை ஆய்வாளர் கண்டு எழுதிவைத்தனர். ‘லடா’ என்னும் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் பெரிய கண்ணாடிக் கட்டியைக் கூம்பாகச் சேர்த்து, நடுவே துளை விட்டு, அதிலிருந்து நூல்போலும் மெல்லிய குழலை ஒருவர் அமர்ந்து மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பார். குழலைத் துண்டு துண்டாக நறுக்குவர். நறுக்கிய துண்டின் ஓரம் கூராக இருக்குமே? அங்குதான் நம் பேத்தியின் கண் நின்றது. அத்துண்டுகளைச் சாம்பலோடு கலந்து, துளைகளிலும் சாம்பல் அடையும்படி செய்து, சட்டியிலிட்டு மீண்டும் சூடேற்றிக் கிளறுவர். ஓரம் மழுங்கி மணி உருளும். சாம்பல் இடையில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது, துளையும் அடையாது.

“நம்ம வெண்பூச்சு செய்யுற வேலைய அவங்க சாம்பல் செஞ்சிருக்கு, நன்னா. இது சூளைக் கண்ணாடிதான்” என்றாள். சற்று நேரம் கழித்து, “ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்குதுன்னா, ஒவ்வொண்ணும் தனியாவே இருக்கட்டுமே” என்றாள்.

பெட்டியில் எஞ்சிய வளையல்களை நிறம் நிறமாக அல்ல, வளையல் வளையலாகப் பிரித்தோம். ஒரே வளையலின் இரு துண்டுகள் ஒரே கண்ணாடி. அவை எப்போதும் ஒத்துப்போகும். ஒரு துண்டின்மேல் மற்றொன்று. இடையில் வெண்பூச்சில் தோய்த்து உலர்த்திய மெல்லிய எஃகுக் கம்பி. வளையல் கண்ணாடி சாளரக் கண்ணாடியினும் எளிதில் இளகுவதாகக் கண்டு சூட்டைக் குறைத்து வைத்தாள். இளகிய இரு துண்டுகளும் கம்பியைச் சுற்றித் தழுவி ஒரு மணியாயின. ஆறும்போது எஃகு கண்ணாடியைவிட மிகுதியாகச் சுருங்கும். பூச்சும் இடையில் இருப்பதால் கம்பி சிரமமின்றிக் கழன்றது. நின்றது ஒரு துளை.

எத்தனை மணி செய்வது என்ற கேள்வி எழுந்தபோது விடையை நாமே சொன்னோம். முப்பத்து மூன்று. ஒரு தஸ்பீஹ்.

வளையலை உருக்கித் தஸ்பீஹ் செய்வதா என்று குடும்பத்தில் ஒருவர் ஐயம் எழுப்பினார். கண்ணாடி மணியில் தஸ்பீஹ் கடைகளில் எத்தனையோ விற்கின்றன. அந்தக் கண்ணாடி முன்பு என்னவாக இருந்தது என்று எவரும் கேட்பதில்லை என்றோம். அதற்குமேல் அவர் வாதிடவில்லை.

எல்லாம் செவ்வனே வந்தன என்று சொல்வதற்கில்லை. பொன்பூச்சு கரிந்து மறைந்தது. கருஞ்சிவப்பு மேலும் கருத்து நாவற்பழ நிறமாயிற்று. சில மணிகளில் துளை கோணலாயிற்று. சிலவற்றின் மேல் பனி படர்ந்தாற்போல் ஒரு மங்கல், அந்தச் சூட்டில் தேவைக்குமேல் நின்றதால் வந்தது. முதல் முறை பதினொன்று தேறின. இரண்டாம் முறை பன்னிரண்டு. மூன்றாம் முறை எட்டு. அத்தோடு பெட்டி காலியாயிற்று. முப்பத்தொன்று.

உடைந்த தட்டு பீரோவின்மேல் பழைய துணியில் பொதிந்து கிடந்தது. பேத்தி அதை இறக்கினாள். கருநிற ஏட்டைப் பிடித்துக் கணினித் திரைக்கு முன் ஒவ்வோரிடமாகப் பார்த்தாள். ஊதா வளையல் துண்டுகள் பதிந்திருந்த மூலையில் ஒளி எழவில்லை. அங்குக் கண்ணாடியும் வளையலும் ஒத்திருந்தன. அம்மூலையை மட்டும் கீறிப் பிளந்து, நான்கு சிறு சதுரங்கள் எடுத்தாள். இரண்டிரண்டாக அடுக்கி, இடையில் கம்பி வைத்து, சூளையில் ஏற்றினாள். பிறகு மூடியின்மேல் ஒரு தாளை ஒட்டினாள். ‘நாளை காலை 9 மணி’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கீழே சிறிய எழுத்தில்: ‘நன்னாவுக்கும்’.

அன்றிரவும் நாம் மாடிக்கு ஏறினோம். சூளைக்கு எதிரே நாற்காலி போட்டு அமர்ந்தோம். முள் 400இலிருந்து 300க்கு வர நெடுநேரம் ஆயிற்று. 300இலிருந்து 200க்கு வர அதனினும் நெடுநேரம். கை மூடியின்பால் செல்லவில்லை. பஜ்ருக்குப் பாங்கு ஒலித்தபோது முள் 90இல் நின்றது. தொழுதுவிட்டு வந்து மீண்டும் அமர்ந்தோம். எட்டரைக்கே எழுந்து வந்த பேத்தி, செங்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “இன்னும் அரை மணி” என்றாள்.

அந்த இரு மணிகளும் மற்றவற்றினும் சற்றுப் பெரியவை; தெளிந்த கண்ணாடியின் உள்ளே ஊதா வளையலின் வளைவு கொஞ்சம் தெரியும். கோக்கும்போது அவற்றை அருகருகே வைக்க வேண்டாம் என்றோம். அவள் பதினொன்றாவதாக ஒன்றையும், இருபத்திரண்டாவதாக மற்றொன்றையும் கோத்தாள்.